மலையகத்து அசதியும் கோதுமை மா ரொட்டியும்

ஹட்டனிலும், அதைச் சூழ்ந்த டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலைத் தோட்டங்களிலும் கொழுந்தெடுக்கும் பெண்களிடம் உடம்பு எப்படி என்று விசாரித்தால், வயது இருபத்தைந்தாயினும் ஐம்பதாயினும், பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி, “ஒரே அசதியா இருக்கு” என்பதுதான். தலைச்சுற்று, கால் கடுப்பு, மலை ஏறும்போது இளைப்பு, அற்ப காரியத்துக்கும் பொங்கிவரும் கோபம், படுத்தாலும் வராத உறக்கம் ஆகிய யாவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இந்த அசதியைப் பனியின்மீதும் விதியின்மீதும் சுமத்திச் சகித்துக்கொள்வது நம் ஜனங்களின் பழக்கம். சோம்பல் என்று பெயரிட்டு ஒதுக்குவது அவர்களை வேலை வாங்குவோரின் பழக்கம். இரண்டும் தவறு என்பது என் திடமான அபிப்பிராயம். இந்த அசதியின் பெரும்பகுதி ஆகாரக் குறைவினால் விளைவது, ஆகவே திருத்தக்கூடியது, ஆனால் திருத்தும் பொறுப்பை அடுப்படியில் நிற்கும் பெண்ணின் தலையில் மாத்திரம் ஏற்றிவிட்டு, தோட்ட நிர்வாகமும் அரசாங்கமும் தொழிற்சங்கங்களும் விலகி நிற்க நியாயமில்லை.

பொழுது புலருமுன் எழுந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டி, கட்டைச் சம்பலோ தேங்காய்ச் சம்பலோ இடித்து, கணவனுக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் பொட்டலம் கட்டி வைத்து, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் ஒப்படைத்து, சீனி போட்ட சாயத்தண்ணியை நின்றபடியே விழுங்கிவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு ஓடுகிற ஒரு தாயின் உடம்பில் அப்போது சேர்ந்திருப்பவை மாவும் சீனியும் அன்றி வேறில்லை. தீட்டிய மாவும் சீனியும் விரைவில் எரிந்து தீரும் விறகு. பத்து மணிக்குள் அந்தச் சூடு ஆறிவிடுகிறது. அதற்குப் பின்னும், 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் அளவை எட்டாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாட்கூலிக் கணக்கு, அரைப்பேராகிவிடும் என்ற பயத்தோடு, நனைந்த சரிவில் கூடையைச் சுமந்து அவள் நின்றாக வேண்டும். அப்போது பசியை அமர்த்த வெற்றிலையும், களைப்பை அமர்த்த இன்னொரு கோப்பைச் சாயத்தண்ணியுமே கைக்கு எட்டுகின்றன. மத்தியானம் மீண்டும் ரொட்டி. இராத்திரி சோறும் ஒரு கறியும். வயிறு நிறைகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் தசையை வளர்க்கும் புரதமும், இரத்தத்தை வளர்க்கும் இரும்பும், நரம்புகள் தம் காரியத்தைக் கிரமமாகச் செய்வதற்கு வேண்டிய ‘பி’ வகை விட்டமின்களும் மக்னீசியமும் அந்த ஆகாரத்தில் சொற்பமே. கோதுமையை ஆலையில் தீட்டும்போதே தவிட்டோடும் முளையோடும் இரும்பு, விட்டமின், மக்னீசியம் ஆகியவற்றின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது.

இந்த ஜனங்கள் ஆதியிலிருந்தே மா ரொட்டி தின்று வாழ்ந்தவர்கள் அல்லர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய வறண்ட சீமைகளிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைவரை காட்டு வழியே நடந்து வந்த நம் முன்னோரின் நித்திய ஆகாரம் கேழ்வரகும் கம்பும் சோளமும், அவற்றோடு பயறு வகைகளும் வரப்போரத்துக் கீரையுமாகவே இருந்தது. கோப்பித் தோட்டங்களிலும், 1867-ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை ஊன்றிய பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும், அவர்களுக்கு அரிசி அளக்கப்பட்டது. அந்த அரிசியின் விலை கூலிக் கணக்கிலேயே கழிக்கப்பட்டது. 1927-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும் கூலியும் அரிசி விலையும் ஒன்றோடொன்று பிணைந்தே பேசப்பட்டன. ஊரில் விசேஷ நாளில் மட்டும் கண்ட நெல்லுச்சோற்றைத் தினந்தோறும் உண்ணக் கிடைத்ததை முன்னேற்றமென்று அவர்கள் எண்ணியதில் குற்றமில்லை. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து அறுந்தபோது கோதுமை மா பங்கீட்டுக்குள் புகுந்தது. 1973, 1974 ஆண்டுகளில் பங்கீடு சுருங்கி, சொந்தத்தில் ஒரு சாண் வயலும் இல்லாத தோட்டத்து ஜனங்கள் பஞ்சத்தில் வீழ்ந்து, வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் மரணங்கள் பெருகிய கொடுமையை இன்றும் முதியவர்கள் கண் கலங்காமல் சொல்வதில்லை. அதற்குப் பின், 1980-ல் திருகோணமலையில் பிரிமா மாவாலை இயங்கத் தொடங்கியது. கோதுமை விளையாத இத்தீவில், மலைச்சரிவின் கடைசிக் காம்பரா வரைக்கும் மா மூட்டை தடையின்றிச் சென்று சேர்ந்தது. ஆக, சில தலைமுறைகளுக்குள் இந்த ஆகார மாற்றம் நிகழ்ந்தது கப்பல் வரத்தாலும், கூலிக் கணக்காலும், பஞ்சத்தாலுமே. இதில் ஜனங்களின் நாவுக்கு அதிகப் பங்கில்லை.

இரும்புச் சத்தைக் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பெண்களின் அசதிக்கு முதற்காரணமாகிய இரத்தச்சோகை புதிய வியாதியன்று; 1916-ல் ராக்ஃபெல்லர் தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியதற்கும், வெறுங்காலோடு நடந்த தொழிலாளரின் குடலிலிருந்து அப்புழு இரத்தத்தை உறிஞ்சி அவர்களைச் சோகையில் தள்ளியதே காரணம். புழுவின் ஆதிக்கம் இப்போது பெரிதும் குறைந்திருக்கிறது; மாதவிடாயிலும் பிரசவங்களிலும் இழந்த இரும்பை ஈடுசெய்யும் ஆகாரம் மாத்திரம் இன்னும் வந்து சேரவில்லை. அதனோடு, நாம் வளர்த்து உலகுக்கு அனுப்பும் தேயிலையே இங்கு ஓர் இடையூறாக நிற்கிறது. சாயத்திலுள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்போடு கூடி, அது இரத்தத்தில் சேராதபடி தடுத்துவிடுகிறது. உணவோடு சேர்த்துக் கடும் சாயம் அருந்தினால் கிடைக்க வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் வீணாகிவிடும். அதே சாயத்தை உண்டபின் ஒரு மணி நேர இடைவெளி விட்டு அருந்தினால் இந்த நஷ்டம் பெருமளவு குறைகிறது. உணவின்மேல் தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்துகொண்டாலோ, உண்டபின் ஒரு கொய்யாப்பழம் தின்றாலோ இரும்பு சேரும் அளவு கூடுகிறது. அதிகச் செலவில்லாத இந்தத் திருத்தத்தை, ஒவ்வொரு தோட்டத்து மருந்துச் சாலையிலும் இரும்பு மாத்திரை கொடுக்கும் கையோடு, தெளிவான தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

என்ன உண்ணலாம் என்று கேட்போருக்கு, தொலைதேசத்துப் பண்டங்கள் எதையும் நான் சொல்ல வேண்டிய அவசியமில்லை. நம் பாட்டன்மாரின் கேழ்வரகு இத்தீவில் குரக்கன் என்ற பெயரில் விற்கிறது. அதன் 100 கிராமில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு, அதே நிறைப் பசும்பாலில் 120 மில்லிகிராமே. ரொட்டி மாவில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் மாவைக் கலந்தால் ருசி கெடுவதில்லை. பசியும் நெடுநேரம் தாங்கும். நூறு கிராம் பயற்றில் 24 கிராம் அளவு புரதம் இருக்கிறது. இரவில் ஊறவைத்த பயற்றையோ கௌபியையோ கடலையையோ காலையில் அவித்துத் தேங்காய்ப்பூவோடு கட்டிக்கொடுத்தால், அது ரொட்டிக்குத் துணையாக மத்தியானம்வரை தெம்பைக் காக்கும். முள்ளோடு தின்னும் நெத்தலிக் கருவாடு, தவிடு நீங்காத சிவப்பரிசி, வாரத்தில் சில நாள் முட்டை, வல்லாரை, பொன்னாங்காணி ஆகியவை எல்லாம் ஹட்டன் சந்தையில் காணக்கூடியவையே. சிங்கள மக்கள் கொலகெந்த என்று விடியற்காலையில் அருந்தும் இலைக்கஞ்சி, பச்சிலைச் சாறும் அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த உத்தமமான காலை ஆகாரம். அதை நம் லயங்களிலும் வழக்கமாக்கிக்கொள்வதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. நுவரெலியாவின் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் லொறி லொறியாகக் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் இறங்கிப் போகையில், அவற்றைக் கழுவித் தரம்பிரிக்கும் இடங்களில் பீட்ரூட் தழையும் முள்ளங்கிக் கீரையும் குவியலாகக் கொட்டப்படுவதைப் பார்க்க எனக்குத் தாங்கமுடியாத வருத்தம் உண்டாகிறது.

ஆகாரம் திருந்தினால் மனக்கவலை பறந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கடையில் ஏறிநிற்கும் கடனும், ஒழுகும் தகரமும், சம்பளப் பணத்தைச் சாராயத்தில் கரைக்கும் கணவனும் பயற்றுக் கஞ்சியால் தீர்ந்துவிடுகிற துயரங்கள் அல்ல. ஆயினும் இரத்தம் வெளிறிய சரீரத்தில் மனம் எளிதில் தளர்கிறது என்பதும், இரும்புக் குறைவு சிடுசிடுப்பையும் கவனச் சிதறலையும் கூடவே கொண்டுவருகிறது என்பதும் வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட சங்கதி. பசியை மறைக்க மாலையிலும் இரவிலும் திரும்பத் திரும்பக் குடிக்கும் கடும் சாயம் உறக்கத்தைக் கெடுக்கிறது. உறங்காத உடம்பு மறுநாள் மேலும் சாயத்தைத் தேடுகிறது. துயரத்தைத் தாங்கும் பலம் வேண்டியவர்களுக்கு அந்தப் பலத்தின் மூலப்பொருளையே மறுத்துவிட்டு, அவர்களுடைய மனவுறுதியைக் குறைகூறுவது பெரும் அநீதி.

“பயறும் முட்டையும் வாங்கக் காசு எங்கே?” என்று நம் பெண்கள் கேட்பார்கள்; கேட்க அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு. நாட்கூலி 1000 ரூபாயானது 2021-ல். 1350 ரூபாயானது 2024-ல். இடையில் 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. கூலி உயர்வை விலை உயர்வு விழுங்கிய அந்த நாட்களில் முதலில் சட்டியை விட்டுப் போனவை பருப்பும் கருவாடும் முட்டையுமே. கடைசிவரை நின்றது மா. இதன் விளைவுகள் பிள்ளைகளின் உடம்பில் எழுதப்படுகின்றன. விலையேற்றத்துக்கு முன்பே, 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் மாத்திரம் 31.7 சதவீதம். 1973 முதல் திரிபோஷா என்னும் சத்துமா வழங்கி வரும் ஒரு தேசத்தில் இந்த வித்தியாசம் நீடிப்பதை எவ்விதம் சமாதானம் செய்துகொள்ள முடியும்? டிக்கோயாவில் இந்திய உதவியோடு எழுந்த ஆஸ்பத்திரியை 2017-ல் நன்றியோடு வரவேற்றோம். அந்த ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கிடைக்க வேண்டிய ஆகாரத்தைப் பற்றி அதே ஊக்கத்தோடு நாம் பேசவில்லை.

செய்ய வேண்டியவை எளியவை. 1992-ல் தோட்ட நிர்வாகத்தை ஏற்ற பெருந்தோட்டக் கம்பனிகள், காலைக் கொழுந்து நிறுக்கும் வேளையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு கோப்பைப் பயற்றுக் கஞ்சியோ இலைக்கஞ்சியோ தம் செலவில் கொடுக்கட்டும்; தெம்புள்ள கை அதிகக் கொழுந்தெடுக்கும் என்ற கணக்கு அவர்களுக்கே நன்மையானது. வீடமைப்புத் திட்டங்களில் ஏழு பேர்ச் காணி கிடைத்தவர்கள் ஓரளவு பாக்கியசாலிகள். லயத்தில் இருப்பவர்களுக்குத் தேயிலை பிடுங்கப்பட்டுத் தரிசாய்க் கிடக்கும் துண்டுகளை மரக்கறிப் பாத்திகளுக்கு, கங்காணியின் தயவில் அன்றி எழுத்து மூலமான உறுதியோடு ஒதுக்க வேண்டும். கூட்டுறவுக் கடைகளில் மா மூட்டைக்குப் பக்கத்தில் குரக்கனும் பயறும் நியாய விலையில் இருக்க வேண்டும். ஜனங்கள் ட்ரஸ்ட் என்று அழைக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், பிள்ளை மடுவங்களில் ஏற்கெனவே எரியும் அடுப்பைக் கொண்டே இந்தக் கஞ்சி வேலையை ஹட்டன் சுற்றுவட்டாரத்துச் சில தோட்டங்களில் தொடங்கிப் பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழை இறங்கி, குளிரும் நனைவும் உடம்பை அதிகம் வாட்டுகிற ஜூன், ஜூலை மாதங்களே அதற்கு உகந்த காலம். எந்த இலை, எந்த வேளை, எவ்வளவு என்பதைக் கொழும்பில் உட்கார்ந்து தீர்மானிக்காமல், தொழிற்சங்கங்களின் மாதர் பிரிவினர் ஒவ்வொரு மலையிலும் கொழுந்தெடுக்கும் பெண்களைக் கேட்டு எழுதிக்கொண்டுபோய், அடுத்த சம்பளப் பேச்சுக்கு அமரும்போது ரூபாய்க் கணக்கோடு அதையும் சேர்த்து மேசைமீது வைக்க வேண்டும்.