ஒரே வீட்டில் இரு குடித்தனம்

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் நிறுவி வைத்திருப்போர் நம்மிடையே பலருண்டு. 2024 ஆகஸ்ட் 13 அன்று வெளியான விண்டோஸ் பாதுகாப்பு மேம்படுத்தலுக்குப் பின், அத்தகைய கணினிகள் பலவற்றில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. 'பாதுகாப்புக் கொள்கை மீறல்' என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வரி. உடனே கணினி அணைந்தது. பாதி எழுதிய கட்டுரை அதனுள் இருந்தால் எழும் கலக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் அற்பமன்று. க்ரப் என்னும் தொடக்க நிரலில் 2022இல் அறியப்பட்ட ஓட்டையின் பொருட்டு, பழைய தொடக்க நிரல்களை மைக்ரோசாஃப்ட் தடைசெய்தது. இரட்டை இயங்குதளக் கணினிகளை இது தீண்டாது என்றும் அறிவித்திருந்தது. ஆனால் அவற்றுள் சிலவற்றை மேம்படுத்தல் இனங்காணவில்லை. அந்நிறுவனத்தின் முழுத் தீர்வு 2025 மே மாதமே வந்தது.

கோப்புகள் அழியவில்லை, கதவுதான் பூட்டப்பட்டது. இதை அறியாமல் வன்தட்டை அழித்து மீண்டும் நிறுவுவதே உண்மையான இழப்பு. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுள் நுழைந்து, புதிய தடைப்பட்டியலை நீக்குவதே அப்போது வழியாக இருந்தது. பிட்லாக்கர் உள்ளவர்கள் அதற்குமுன் மீட்புச் சாவியைக் கையில் வைத்திருப்பது அவசியம்.

ஓட்டையை அடைத்ததை நாம் குறைகூறவில்லை. அடுத்த குடித்தனத்தின் கதவைச் சாத்துமுன் வீட்டுக்காரரைக் கேட்டிருக்க வேண்டும் என்கிறோம். கணினிக்கு வீட்டுக்காரர் அதை வாங்கியவரே. கேட்கும் நாகரிகம் வரும்வரை, ஒவ்வொரு மேம்படுத்தலுக்கு முன்பும் நம் எழுத்துகளுக்கு வேறோரிடத்தில் நகல் வைத்துக்கொள்வோம்.