உப்பளத்துச் செந்நீர்

புத்தளம் என்றதும் உப்பை நினைப்பது நம்மவர் வழக்கம். ஆயினும், பாலாவி உப்பளங்களிலே விளையக்கூடியது உப்பு ஒன்றே என்று கருதுவது முழு உண்மையன்று.

கடல்நீரில் நூற்றுக்கு ஏறக்குறைய 3.5 பங்கு உப்புண்டு. அது பாத்திக்குப் பாத்தி பாய்ந்து, வெயிலிற் சுண்டி, 25 பங்கைக் கடக்கும்போது கறியுப்புப் படியத் தொடங்கும். அந்த உவரிலே மீன் வாழாது. அழுகச் செய்யும் கிருமிகளும் பெரும்பாலும் மாளும். கருவாட்டுக்கு உப்பிடுவது அதனாலன்றோ! ஆனால் அதே கருவாடு சிலவேளை இளஞ்சிவப்பாகிக் கெடுவதும் உண்டு. உப்போடு கூடவே வந்த நுண்ணங்கிகளின் வேலை அது. செறிந்த உவர்நீரைச் செந்நிறமாக்குவனவும் அவற்றின் இனத்தனவே. பற்றீரியாவைப் போலத் தோன்றினும் அவை வேறு குலத்தன என்பதை 1977இல் கார்ல் வூஸ் முதலானோர் எடுத்துக்காட்டினர். ஆர்க்கியா என்பது அக்குலத்தின் பெயர். நன்னீரில் இட்டால் இவ்வுவர்வாழ் உயிர்கள் வெடித்து அழியும்.

இவற்றோடு துனலியெல்லா என்னும் அல்காவும் உவரில் வாழும். வெயிலும் உப்பும் மிகும்போது அது பீற்றா கரற்றீனைத் திரட்டிச் செம்மஞ்சளாகும். அவுஸ்திரேலியாவில் இதனைப் பெருங்குளங்களில் வளர்த்து அந்நிறப்பொருளை விற்கின்றனர். எகிப்தின் வாடி நத்றூன் உவரேரியிற் பெற்ற ஒரு பற்றீரியாவில் 1985இல் எக்டோயின் கண்டறியப்பட்டது. உவரிலும் வறட்சியிலும் புரதங்களைச் சிதையாது காக்கும் அப்பொருள் இன்று தோற்பூச்சுக்களிலும் கண்மருந்துகளிலும் சேர்கின்றது. அதனை உற்பத்தி செய்து விற்பது எகிப்தன்று, ஜேர்மனி. ஒரு மூடை உப்பின் விலையையும் ஒரு குப்பிக் கண்மருந்தின் விலையையும் வாசகரே ஒப்புநோக்குக.

அமெரிக்காவின் யெலோஸ்ரோன் வெந்நீரூற்றிலே 1966இல் தோமஸ் புறொக்கும் அவர் மாணவரும் எடுத்த நுண்ணங்கியின் நொதியமே, கரி முலிஸ் 1983இற் கண்ட டி.என்.ஏ. பெருக்கும் முறைக்கு உயிர்நாடியாயிற்று. அம்முறையின் உரிமை 1991இல் 30 கோடி டொலருக்கு விலைபோயிற்று. ஊற்றைக் காத்த பூங்காவுக்கோ அதிற் பங்கில்லை. புறொக் அதனைப் பொதுச் சேகரத்தில் ஒப்படைத்தமையை நான் குறைகூறேன். அவ்வாறு செய்திராவிடின் அந்நொதியம் எவர் கைக்கும் எட்டியிராது. ஆனால் ஊற்றுக்கு உரியோர் அதன் பெறுமதியை அறியாதிருந்தமை வேறு விடயம்.

உயிரினப் பல்வகைமைச் சமவாயம் தத்தம் உயிர்வளத்தின்மீது நாடுகளுக்குள்ள இறைமையை 1992இல் ஏற்றுக்கொண்டது; இலங்கை 1994இல் அதனை உறுதிப்படுத்தியது. ஏட்டிலுள்ள உரிமை தானாகப் பயன் தராது. எவ்வுப்பளத்தில், எம்மாதத்தில், எவ்வுயிர் எடுக்கப்பட்டது என்று பதிந்து, அதனை உயிரோடு பேணும் சேகரம் இம்மாகாணத்திலேயே இருத்தல் வேண்டும். வயம்பப் பல்கலைக்கழகம் தொலைவிலில்லை. செல்வ நாடுகளுக்கே உரிய வேலை இதுவென்போர், உவர்நீரும் வெயிலும் நமக்கு இலவசமாகக் கிடைப்பதை எண்ணுவாராக.

நம் மாணவர்க்கோ தொடக்கத்திற்கு ஒரு துளி செந்நீரும் ஒரு நுணுக்குக்காட்டியும் போதும்; துனலியெல்லா இரு சவுக்குமுளைகளை வீசி நீந்துவதைக் கண்ணாரக் காணலாம். இவ்விழாவின் ஞாபகார்த்தமாகச் சேரும் நிதியில் இரண்டு நல்ல நுணுக்குக்காட்டிகள் வாங்குமாறு பழைய மாணவரை வேண்டுகின்றேன். அலங்கார வளைவு ஒன்று குறைந்தாலும் பாதகமில்லை.