ரசீது இல்லாத வாடகை

நகரங்களில் அரசுப் பணத்தில் கட்டப்பட்டு, ஆள் குடியேறாமல் பூட்டிக் கிடந்த வீடுகள் 83,534. அவற்றில் கூலி வேலைக்கு வந்தவர்களின் வாடகை வீடுகளாக மாற்றப்பட்டவை 5,648. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு, 2023ஆம் ஆண்டு வாக்கில், மத்திய வீட்டுவசதி அமைச்சகம் வைத்த கணக்கு இது. நூற்றுக்கு ஏழு வீடுகூடத் தேறவில்லை. அந்த வீடுகளும் சண்டிகர், சூரத், அகமதாபாத், ராஜ்கோட், ஜம்மு போன்ற ஊர்களில் இருக்கின்றன. மும்பையில் ஒன்றுகூட இல்லை.

பூட்டிய வீடு ஒருபுறம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் முறை வைத்துத் தூங்கும் நாம் மறுபுறம். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற தடை என்ன? இந்த இதழில் இதைப் பற்றித்தான் பேச வேண்டும். பேசினால் அரசைக் குறை சொல்வதோடு முடியாது. நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்த வாடகை வீட்டுத் திட்டம் எப்போது பிறந்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மே மாதம் ரயில் விட்டபோது மும்பை நிலையங்களில் கூடிய கூட்டத்தை, ரயில்வே ஊழியன் என்ற முறையில் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஸ்டவ்வையும் பாத்திர மூட்டையையும் சுமந்து நின்ற ஒரு குடும்பத்திடம், “இங்கேயே இருந்தால் ரேஷன் கிடைக்குமே” என்றேன். “ரேஷன் கிடைக்கும் சார், வாடகைக்கு எங்கே போவது?” என்றார் அந்த அம்மா. சோற்றைவிட வாடகைதான் அவர்களைத் துரத்தியது.

வாடகை கேட்கக் கூடாது என்று உத்தரவு இல்லாமலில்லை. அந்த ஆண்டு மார்ச் 29ஆம் தேதியே மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. தொழிலாளரிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது, காலி செய்யச் சொன்னால் நடவடிக்கை என்று அதில் தெளிவாக இருந்தது. ஆனால் அந்த உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு போலீஸ் சௌக்கிக்குப் போகிறவன், தான் அங்கே வாடகைக்கு இருப்பவன்தான் என்று காட்ட வேண்டாமா? எந்தத் தாளைக் காட்டுவான்? நம்மில் பெரும்பாலோரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

மே 14ஆம் தேதி நிதியமைச்சர் இந்தத் திட்டத்தை அறிவித்தார். ஜூலை 8ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. காலி வீடுகளைச் செப்பனிட்டு 25 ஆண்டுகள் வாடகைக்கு விடுவது ஒரு வழி. சொந்த நிலம் வைத்திருக்கும் நிறுவனங்கள் கட்டி வாடகைக்கு விடுவது இன்னொரு வழி. கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த வீடுகள் ஏன் காலியாகக் கிடந்தன என்பதை முதலில் யோசித்திருக்க வேண்டும். நிலம் மலிவாகக் கிடைத்த ஊர்க்கோடியில் வீட்டைக் கட்டினால், அங்கே பஸ்ஸும் இருக்காது, வேலையும் இருக்காது. சொந்த வீடாகக் கொடுத்தும் ஆள் போகாத இடத்துக்கு வாடகை கொடுத்துக்கொண்டு யார் போவார்கள்? செப்பனிடும் செலவைப் போட்டு அதை வாடகையில் எடுக்க நினைத்த காண்டிராக்டரும் கணக்குப் பார்த்துப் பின்வாங்க மாட்டாரா?

இப்போது நாடாளுமன்றத்துக்கு வருவோம். “அங்கே கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது?” என்று நம் தோழர்கள் பலர் அலுத்துக்கொள்கிறார்கள். அந்த அலுப்புக்குக் காரணம் உண்டு. 2020 செப்டம்பரில் கூடிய கூட்டத்தொடரில் கேள்வி நேரமே ரத்தாயிற்று. எழுத்து மூலமான பதில்கள் மட்டும் வந்தன. ஊருக்குத் திரும்பிய தொழிலாளர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒரு கோடியே நாலு லட்சத்துக்கு மேல் என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் தந்தது. வழியில் இறந்தவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படிப்பட்ட கணக்கு பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது.

இந்தப் பதிலைப் படித்தவர்கள் கோபப்பட்டார்கள், நியாயமான கோபம். ஆனால் அதில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. நாடாளுமன்றம் எதைக் கேட்டாலும் அரசு தன் ரிஜிஸ்தரைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். ரிஜிஸ்தரில் இல்லாத மனிதன் வாழ்ந்தாலும் கணக்கில்லை, செத்தாலும் கணக்கில்லை.

இது புதிய கதையும் அல்ல. சேலத்திலிருந்து பஞ்சம் பிழைக்க 1961இல் இந்த ஊருக்கு வந்த ஒரு தமிழர், மேற்கு எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் சீட்டுக் குடிசையில் மனைவியோடும் மூன்று பெண் பிள்ளைகளோடும் இருந்தார். தகிசரில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. அந்த நடைபாதை இடத்துக்கே ஒரு குடிசை தாதா அவரிடம் 2,500 ரூபாய் கறந்திருந்தான். 1981 ஜூலையில் மாநகராட்சி குடிசையை இடித்துக் குடும்பத்தைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றி அனுப்பியது. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் மறுபடியும் இங்கேயே வந்து நடைபாதையில் ஒதுங்கினார். உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற நடைபாதைவாசிகள் வழக்கில் அவரும் ஒரு மனுதாரர்.

1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று அது சொன்னதை எல்லோரும் மேடையில் சொல்கிறோம். அதே தீர்ப்பு இடிப்பதைத் தடுக்கவில்லை என்பதையும், மழைக்காலம் முடிந்து ஒரு மாதம்வரை மட்டுமே தவணை கொடுத்தது என்பதையும் சொல்ல மறக்கிறோம். மாற்று இடம் யாருக்கு? 1976 கணக்கெடுப்பில் பெயர் ஏறியவர்களுக்கு. அன்றும் பேச்சு கணக்கில் வந்துதான் நின்றது.

இன்று தாராவியில் நடப்பதை இந்தக் கண்ணோடு பாருங்கள். 2024 மார்ச்சில் அங்கே வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் 2011 தொடக்கம்வரை வந்தவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால் வேறிடத்தில் 300 சதுர அடி. அதற்கும் பின்னால் வந்தவர்களுக்கும், 2022 நவம்பர் 15ஆம் தேதிவரை மாடியில் குடியிருந்தவர்களுக்கும் தாராவிக்கு வெளியே வாடகை வீடு. தவணை கட்டி முடித்தால் சொந்தம். மாடியில் இருப்பவனையும் ஒரு பொருட்டாக மதித்தது பழைய திட்டங்களோடு பார்க்கும்போது முன்னேற்றந்தான். அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் வெளியே என்றால் எவ்வளவு தூரம்? மாத வாடகை எவ்வளவு? விடியுமுன்னே இட்லி அவித்து அடுக்கி முதல் லோக்கலில் ஏறுகிறவருக்கு, ரயில் நிலையத்துக்குப் போகவே ஒரு மணி நேரம் என்றால் பிழைப்பு என்னாகும்? இந்த ஊருக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு. 2008இல் பெருநகர வளர்ச்சி ஆணையம் 160 சதுர அடி அறைகளைக் கட்டி ஏழைகளுக்கு வாடகைக்கு விடுவோம் என்றது. சில ஆண்டுகளில் நோக்கமே மாறி, வீடுகள் வேறு கணக்குகளுக்குப் போய்விட்டன. இம்முறையும் அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது?

இனி நமக்குள் பேச வேண்டியது.

மாடியில் இருப்பவன் தான் அங்கே இருப்பதைக் காட்ட மின்சார பில்லோ, பதிவு செய்த ஒப்பந்தமோ ஏதாவது ஒரு தாள் வேண்டும். அந்தத் தாள் யார் கையில் இருக்கிறது? கீழே இருக்கும் வீட்டுக்காரர் கையில். அந்த வீட்டுக்காரர் யார்? பல சந்துகளில் அவர் நம் நெல்லைச் சீமைக்காரர். நம் சங்கத்தின் சந்தாதாரர். பொங்கல் விழாவுக்கு நன்கொடை தருபவர். பதினைந்து ஆண்டு வாடகை வாங்கியவர், “எழுத்தில் மட்டும் கேட்காதே தம்பி, அறையே போய்விடும்” என்கிறார்.

அவர் பயத்தை நாம் அறிவோம். அந்தச் சதுப்பில் மண் கொட்டி மேடாக்கியவர்கள் அவர் தகப்பனாரின் தலைமுறை. மாடி வாடகையில்தான் எத்தனையோ விதவைத் தாய்மார்கள் அடுப்பு மூட்டுகிறார்கள். ஆனால் கீழ்த்தளத்துக்கு உரிய தகுதி கீழ்த்தளத்துக் காகிதத்தைப் பொறுத்தது. மாடிக்காரனுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தால் அது கிழிந்துவிடாது. கொடுக்காவிட்டால் மாடிக்காரன் நடுத்தெருவுக்குப் போவது நிச்சயம். அரசு நம்மைக் கணக்கில் எடுக்கவில்லை என்று மேடையேறிக் கத்தும் நாம், நம் வீட்டு மாடியில் இருப்பவனைக் கணக்கில் எடுக்க மறுப்பது எந்த ஊர் நியாயம்?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999, பிரிவு 55: வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும், பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் மூன்று மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ. பதிவு இல்லாமல் தகராறு வந்தால் குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனையே ஏற்கப்படும். நம் ஆட்கள்மீது வழக்குப் போடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. சீட்டுக் கேட்பது நன்றிகெட்ட செயல் அல்ல, சட்டப்படியான காரியம் என்று மாடியில் இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பவன். மாதாமாதம் என் சம்பளச் சீட்டில் வீட்டுக் கட்டணம் பிடிக்கிறார்கள். தொகை சிறிது. ஆனால் அந்த ஒரு வரி இருப்பதால், காரணம் சொல்லாமல் என்னை எவனும் வெளியேற்ற முடியாது. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், சம்பளத்துக்குத் தக்க வாடகையில், கையில் சீட்டோடு தொழிலாளிக்கு வீடு கொடுக்க முடியும் என்பதற்கு இந்த ஊரின் ரயில்வே காலனிகளே சாட்சி. எனக்குக் கிடைத்தது என் தங்கை வீட்டுக்காரருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

நாடாளுமன்றத்தில் இதற்கு வழி இருக்கிறது. 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் இயங்குகின்றன. வீட்டுவசதித் துறையைப் பார்க்கும் குழுவில் இரு அவைகளையும் சேர்ந்த 31 உறுப்பினர்கள். அதிகாரிகளை எதிரே உட்காரவைத்து, கொடுத்த பணம் என்னாயிற்று என்று கேட்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. பரிந்துரைக்கு அரசு மூன்று மாதத்தில் பதில் தர வேண்டும். அவையில் அமைச்சர் கொடுத்த வாக்கைத் துரத்திப் பிடிக்கத் தனிக்குழுவே இருக்கிறது. பொதுமக்கள் மனுவை வாங்கவும் குழு இருக்கிறது. ஓர் உறுப்பினர் கையெழுத்து வேண்டும், அவ்வளவே. 2024 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும் வாடகை வீடு ஒரு பிரிவாக இருக்கிறது. ஆகவே கேட்பதற்கு நேரம் கடந்துவிடவில்லை.

கேட்க வேண்டியது மூன்று. மாற்றப்பட்ட 5,648 வீடுகளில் தொழிலாளர் குடும்பங்கள் எத்தனை, அவர்கள் கொடுக்கும் வாடகை எவ்வளவு? புதிதாகக் கட்டும் வாடகை வீட்டுக்கும் வேலை இருக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்துக்கு வரம்பு உண்டா? வாடகை வீட்டைத் தொழிலாளியிடமிருந்து வேறு கணக்குக்கு மாற்றுவதைத் தடுக்க என்ன ஏற்பாடு? மும்பையின் உறுப்பினர்களிடமும், நம் ஊர்ப்பக்கத்து உறுப்பினர்களிடமும் இதைக் கொண்டுபோகிறோம். ஓட்டு இங்கே உள்ளவர் இங்கே கேட்கட்டும். ஊரில் உள்ளவர் லீவில் போகும்போது அங்கே கேட்கட்டும்.

வெறுங்கையோடு போக வேண்டாம். இந்த மாத இறுதிக்குள் ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். மாடி அறை, குடியிருப்பவர் பெயர், வந்த ஆண்டு, வாடகை, டெபாசிட், வேலை செய்யும் இடம், கையில் உள்ள தாள். தாள் இல்லாத இடத்தில், கீழே இருக்கும் பெரியவரிடம் கிளைச் செயலாளர் நேரில் போய் ஒரு ரசீது எழுதி வாங்கிவர வேண்டும். கோபித்துக்கொண்டால் மறுநாளும் போக வேண்டும்.

இந்த மாத வாடகையைக் கொடுக்கும்போதே ரசீது கேளுங்கள். வீட்டுக்காரராக இருந்தால் கேட்குமுன் எழுதிக் கொடுங்கள்.