பிள்ளைகள் தூங்கிய பிறகு

தெற்கு சூடானில் இரவு எட்டு மணி என்றால் இந்தியாவில் பதினொன்றரை. அங்குள்ள மலக்கால் ஐ.நா. முகாமில் ரோந்து முடித்து நம் வீரர் கைபேசியை எடுக்கும்போது, ஊரில் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். மனைவியிடம் பேசலாம். மகளின் குரலுக்கு விடுமுறை நாள் வரவேண்டும். அன்று இணைப்பும் கிடைக்கவேண்டும்.

1950-களில் தொடங்கி 2.9 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஐ.நா. அமைதிப் பணிகளில் சேவை செய்திருக்கிறார்கள். இந்தப் படைப்பிரிவுகளில் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல முடியாது. பொதுவாக ஓராண்டுப் பணி. கைக்குழந்தையை விட்டுச் சென்றவர் திரும்பும்போது அது நடக்கும், பேசும், அப்பாவைக் கண்டு அம்மாவின் பின்னால் ஒளியும். அந்த ஓராண்டை எந்தப் பதக்கமும் ஈடுசெய்யாது. 2013 ஏப்ரலில் தெற்கு சூடானின் ஜோங்லே மாநிலத்தில் ஐந்து இந்திய வீரர்கள் பதுங்கித் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். அதன்பின் அழைப்பு வராத ஒவ்வோர் இரவும் இங்குள்ள மனைவிகளுக்கு எப்படிக் கழிந்திருக்கும்!

பள்ளிச் சேர்க்கை, மாமியாரின் மருந்து, வங்கிக் கடன் என்று எல்லாவற்றையும் தனியாகச் சுமப்பவர் மனைவிதான். அவருக்குப் பதக்கமும் இல்லை.

பாதுகாப்பு அமைச்சகம் உடனே செய்யக்கூடியவை உண்டு. பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் வாரம் இருமுறையாவது பேச, பணிமுறையில் இடம் ஒதுக்கவேண்டும். இடைக்கால விடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது. இங்குள்ள குடும்பங்களை மாதந்தோறும் நேரில் விசாரிக்க, மாவட்ட அளவில் ஒரு பொறுப்பாளரை நியமிக்கவேண்டும்.