செடிகளுக்குக் கூரைத் தண்ணீர் போதும்!

தருமபுரி மாவட்டம் அரூர் அருகே இருக்கும் தீர்த்தமலையின் பெருமையே தண்ணீர்தான். மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர் கோயிலில் பாறையிலிருந்து விழும் ராம தீர்த்தம், சிவபூஜைக்காக ராமர் அம்பு எய்து வரவழைத்தது என்கிறது தலபுராணம்.

மலையை விட்டு இறங்கினால் கதை வேறு. இந்த மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லையும் எலும்பையும் பாதிக்கும் இந்த ஃபுளோரைடு, தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால்தான் காவிரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அவ்வளவு தூரம் குழாயில் வரும் குடிநீரை ரோஜாச் செடிக்கு ஊற்றலாமா? கோடையில் குடம் குறையும்போது முதலில் வாடுவதும் அந்தச் செடிதான். அதற்குக் கூரைத் தண்ணீர் போதும்.

கணக்கு ரொம்ப எளிது

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், ஒரு லிட்டர் தண்ணீர். 500 சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 46 சதுர மீட்டர். சிந்துவது, உறிஞ்சுவது போக 80 சதவிகிதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 6 மில்லிமீட்டர் மழையிலேயே 200 லிட்டர் டிரம் நிரம்பிவிடும். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் பெய்தால், அந்த மாடியிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 29,000 லிட்டர்!

செடிகளுக்கு எவ்வளவு வேண்டும்? பத்துத் தொட்டிகளுக்கு தினமும் ஒரு லிட்டர் வீதம் ஊற்றினால், ஒரு டிரம் 20 நாள்களுக்கு வரும். இரண்டு மாதம் மழையே இல்லாவிட்டாலும் சமாளிக்க மூன்று டிரம் தேவை.

டிரம் வைக்கும் முன்...

* நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆட்டம் காணாத செங்கல் மேடை அவசியம். மேடை உயரமாக இருந்தால் டிரம்முக்குக் கீழே குழாய் வைத்து, பூவாளியை நேராகப் பிடிக்கலாம்.

* மழைக்காலத்துக்கு முன்பே மாடியைப் பெருக்கிவிடுங்கள். முதல் மழையில் தூசும் பறவை எச்சமும் அடித்து வரும். அதை டிரம்மில் விடாமல் வெளியேற்றுங்கள்.

* டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். டிரம்மின் வாயை நைலான் வலையால் இடைவெளி இல்லாமல் இறுகக் கட்டுங்கள். காலியான டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது; காய்ந்த பக்கச் சுவரிலும் கொசு முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

* இது செடிக்கான தண்ணீர். அப்படியே குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

மிச்சம் எங்கே போகும்?

மூன்று டிரம்மும் ஒரு நல்ல மழைக்கே நிரம்பிவிடும். பெரும்பகுதி அதற்குப் பிறகு வருவதுதான். எனவே டிரம்மின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு வழிகுழாய் பொருத்தி, அதை வீட்டின் மழைநீர் உறிஞ்சுகுழியில் விடுங்கள். தமிழகத்தில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டதால், பல வீடுகளில் குழி ஏற்கெனவே இருக்கும். ஆனால், அதில் மண் மூடிக் கிடக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? டிரம் வாங்கக் கடைக்குப் போகும் முன், அந்தக் குழியின் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள்.