சக்கரத் தடம் சொல்லும் பாடம்

மனிதன் செதுக்கிய கல்லைக் கலையென்று போற்றுகிறோம். மனிதன் தோன்றுமுன்னரே உயிர் சமைத்த கல்லையோ வெறும் பாறையென்று கடந்து செல்கிறோம். இவ்வேற்றுமை முறையன்று என்பதே என் கருத்து.

நிலவியலார் ஸ்ட்ரோமட்டோலைட் என வழங்கும் அடுக்குப் பாறைகள் நுண்ணுயிர்களின் கைவண்ணம் ஆகும். அவற்றுள் தலையாயது நீலப்பசும் பாசி. ஆழமற்ற நீரில் பாய்போலப் படரும் இப்பாசி, தன் பசைத்தன்மையால் நுண்மணலைப் பற்றிக்கொள்ளும். மணல் மூடியதும் ஒளியை நாடி மேலெழுந்து மீண்டும் பாய் விரிக்கும். இவ்வாறு அடுக்கின்மேல் அடுக்காகச் சுண்ணாம்பு இறுகிக் கல்லாகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராப் பகுதியில் ஏறத்தாழ 348 கோடி ஆண்டுத் தொன்மையுடைய அடுக்குகள் உள்ளன. நீலப்பசும் பாசி வெளியிட்ட ஆக்சிஜன், ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வளிமண்டலத்தில் நிலைபெறத் தொடங்கிற்று. நாம் இழுக்கும் மூச்சுக்கு வித்திட்டது அதுவேயன்றோ!

அதே மாநிலத்தின் சுறா விரிகுடாவில், ஹேமலின் பூல் என்னும் உப்பு மிகுந்த நீர்ப்பரப்பில் இவை இன்றும் வளர்கின்றன. வளர்ச்சியோ ஆண்டுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. முன்னாளில் கம்பளிப் பொதிகளைப் படகுக்குக் கொண்டுசென்ற வண்டிகளின் சக்கரத் தடங்கள், பல பத்தாண்டுகள் கழிந்தும் அப்பாசிப் பாயில் மறையவில்லை. ஒரு நாள் ஓட்டத்தை ஒரு நூற்றாண்டும் ஆற்றவில்லை! 1991 இல் அவ்விரிகுடா உலக மரபுச் சின்னமாயிற்று.

நம் நாட்டிலும் இச்செல்வம் உண்டு. இராசத்தானில் உதயப்பூரை அடுத்த ஜாமர்கோட்ராவில் இவ்வடுக்குகளிலேயே பாஸ்பேட் செறிந்துள்ளது. அது உரத்திற்காக வெட்டியெடுக்கப்படுகிறது. அங்கு ஒரு பகுதியை இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. உழவனுக்கு உரம் வேண்டாவா எனச் சிலர் வினவலாம். வேண்டும், மறுப்பார் இலர். ஆயினும் விளைச்சல் ஆண்டுதோறும் வரும். வெட்டிய அடுக்கு மீண்டும் வாராது. எனவே வெட்டுமுன் ஆராய்ந்து பதிவு செய்தலும், சிறந்த பகுதிகளைத் தீண்டாது விடுதலும் கட்டாயமாதல் வேண்டும்.

பழஞ்சின்னங்களைக் காக்க 1958 இலேயே சட்டம் இயற்றினோம். நிலவியல் மரபைக் காக்கும் மசோதாவின் வரைவோ 2022 இல்தான் வெளிவந்தது. சட்டத்தினும் முந்த வேண்டியது அறிவு. அருமை அறியாதவன் கையில் எக்கல்லும் சல்லிக்கல்லே. இப்பாறைகளின் வரலாற்றை எளிய தமிழில் எழுதி ஊர்தோறும் பரப்புதல் தமிழ் பயிலும் நம் கடமையுமாகும். நாம் பதிக்கும் தடமும் எளிதில் மறையாது. அதனை நினைந்து அடியெடுத்து வைப்போமாக.