கடன் அடைந்தால் அப்பாவின் மனச்சோர்வும் தீர்ந்துவிடுமா?

கேள்வி: “மானாவாரியாக மூன்று ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிறோம். இரண்டு வருஷமாக வெள்ளாமை கைகொடுக்கவில்லை. அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. அப்பாவுக்கு 54 வயது. மூன்று மாதமாகக் காட்டுப் பக்கமே போவதில்லை. யார் பேசினாலும் எரிந்து விழுகிறார். ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். குடியும் கூடியிருக்கிறது. அம்மா உடம்பு வலி என்று மாத்திரையாக வாங்கிச் சாப்பிடுகிறார். ‘கடன் அடைஞ்சா எல்லாம் சரியாப் போகும்’ என்கிறார் மாமா. ‘சோம்பேறித்தனம்’ என்கிறார் பெரியப்பா. இது நோயா? யாருக்கெல்லாம் வரும்? என்ன செய்ய வேண்டும்?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சங்கரன்கோவில்.

பதில்: இத்தனை வருஷம் பாடுபட்டவர் மூன்று மாதமாகக் காட்டை எட்டிப் பார்க்கவில்லை என்றால், அதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. மருத்துவர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனால், தூக்கம் கெடுவது, எரிச்சல், குடி கூடுவது, பிடித்த வேலையில் நாட்டம் போவது எல்லாமே மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். துக்கமும் கவலையும் எல்லோருக்கும் வரும், போகும். இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே கிடந்து, அன்றாட வேலையும் நின்றுபோனால் அதை நோயாகவே பார்க்க வேண்டும்.

பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. அதன்படி, வயது வந்தவர்களில் சுமார் 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வுக்கு ஆளாகியிருக்கிறார். மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவிகிதம் பேர், நோயின் வகையைப் பொறுத்து, சிகிச்சையே பெறவில்லை என்றும் அந்த ஆய்வு சொன்னது.

ஒரே காரணம் கிடையாது

பருத்திச் செடி வாடினால், தண்ணீர் இல்லை என்று மட்டும் முடிவுகட்ட மாட்டீர்கள். வேரைப் பிடுங்கிப் பார்ப்பீர்கள். வாடல் நோயா, வேர் அழுகலா, வடிகால் இல்லையா என்று பார்ப்பீர்கள். மனச்சோர்வும் அப்படித்தான். பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போதுதான் மனிதர் சாய்கிறார்.

குடும்பத்தில் பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்திருந்தால் வாய்ப்பு கூடும். முன்பே ஒருமுறை வந்து குணமானவருக்கு மறுபடி வரலாம். சர்க்கரை நோய், பக்கவாதம், மாரடைப்பு, தீராத வலி ஆகியவற்றோடு சேர்ந்தும் வரும். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் மனச்சோர்வு போலவே ஆளைச் சோர்த்துவிடும். அதனால்தான் மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனை கேட்கிறார். நெருங்கியவரின் மரணம், கடன், கோர்ட்டு வழக்கு, குடும்பச் சண்டை, தனிமை, சிறுவயதில் பட்ட அடி உதை ஆகியவையும் இந்தச் சுமையில் சேரும்.

அம்மாவையும் கவனியுங்கள்

உலக அளவில் ஆண்களைவிடப் பெண்களுக்கே மனச்சோர்வு அதிகம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலும், மாதவிடாய் நிற்கும் காலத்திலும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் உடம்பை மட்டும் காரணம் சொல்ல முடியாது. காட்டு வேலை, வீட்டு வேலை, மாட்டு வேலை மூன்றும் பார்த்துவிட்டு, கையில் தனக்கென்று காசு இல்லாமல் இருப்பது ஒரு சுமை. வீட்டில் அடி வாங்குவதும், குழந்தையில்லை என்ற பேச்சைக் கேட்பதும், குடிக்கும் கணவரோடு வாழ்வதும் இன்னும் பெரிய சுமைகள்.

லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் நடத்திய ஆய்வு 1978ல் நூலாக வந்தது. பெரிய இழப்பைச் சந்தித்த பெண்களிலும், மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாதவர்களே அதிகம் மனச்சோர்வில் விழுந்தார்கள் என்று அதில் தெரிந்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் மூன்று பேரோ அதற்கு மேலோ இருப்பதும், வெளிவேலை இல்லாததும்கூட அந்தப் பெண்களைப் பலவீனமாக்கியிருந்தன.

நம் ஊர்ப் பெண்கள் பலர் ‘மனசு சரியில்லை’ என்று சொல்வதில்லை. தலைவலி, இடுப்பு வலி, உடம்பெல்லாம் எரிச்சல், அசதி என்றுதான் சொல்வார்கள். கடையில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் வயிறும் சிறுநீரகமும் கெடும், உள்ளே இருக்கும் நோய் அப்படியே கிடக்கும். உங்கள் அம்மாவையும் பரிசோதிக்க வேண்டும்.

ஆண்கள் வாய் திறப்பதில்லை

மனச்சோர்வு பெண்களுக்கு அதிகம் என்றாலும், உயிரை இழப்பவர்களில் ஆண்களே அதிகம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ல் தற்கொலை செய்துகொண்ட விவசாயிகள் 5,207 பேர். அவர்களில் 4,999 பேர் ஆண்கள். அதே ஆண்டில் விவசாயக் கூலித் தொழிலாளர்கள் 6,083 பேரும் இறந்தார்கள்.

‘ஆம்பளை அழக் கூடாது’ என்று வளர்ந்தவருக்கு வருத்தம் கோபமாகவும் குடியாகவும்தான் வெளியே வருகிறது. குடித்தால் தூக்கம் வருவது போலத் தெரியும். உண்மையில் குடி தூக்கத்தையும் கெடுத்து, மனச்சோர்வையும் கூட்டுகிறது. மானாவாரி விவசாயிக்குக் கூடுதல் பாரம் உண்டு. வடகிழக்குப் பருவமழை தப்பலாம், மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கலாம், நன்றாக விளைந்த வருஷத்தில் விலை விழலாம். எதுவும் அவர் கையில் இல்லை. ஆனாலும், ஊர் கேட்கும்போது தன் தோல்வி என்றே தலைகுனிகிறார்.

மாமா சொல்வது பாதி சரி

கடன் பெரிய காரணம்தான், அதைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் நோய் வந்த பிறகு கடன் மேலும் வளரும் என்பதை மாமா யோசிக்கவில்லை. சோர்ந்து கிடப்பவர் களையெடுக்கும் பருவத்தை விடுவார், பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதியை விடுவார், நகைக்கடனைத் திருப்பி வைக்கவும் போக மாட்டார். வட்டி ஏறும், ஏறிய வட்டி மறுபடி மனதை அழுத்தும். கடன் அடையட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் இரண்டுமே தீராது. சிகிச்சையை இப்போதே தொடங்குங்கள். கடன் கணக்கைக் குடும்பத்தில் ஒருவர் நோட்டில் எழுதி, அப்பாவோடு வங்கிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் துணைக்குப் போகட்டும்.

என்ன செய்யலாம்?

முதலில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். புத்தி சொல்ல வேண்டாம். ‘வாழ்ந்து என்ன பண்ண என்று தோணுதாப்பா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருக்கிற எண்ணத்தை இறக்கிவைக்க அது வழி கொடுக்கும். ‘ஆமாம்’ என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டில் இருக்கும் பூச்சிக்கொல்லி, எலி மருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் இன்றே வெளியேற்றி, நம்பிக்கையான வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். சிநேகா அமைப்பை நிறுவிய சென்னை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் பூச்சிக்கொல்லிக்குப் பொதுக் கிடங்கு அமைத்தது. ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டும் பெட்டி கொடுக்கப்பட்டது. விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். சிறிய முயற்சிதான் என்றாலும், அங்கே தற்கொலைகள் குறைந்ததாக 2013ல் வெளியான ஆய்வு காட்டியது. உயிரை விடும் எண்ணம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் விஷம் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் பிழைக்கும்.

சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை எங்கே, எந்த நாளில் பார்க்கலாம் என்று அங்கேயே கேட்கலாம். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்கினால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். குடும்பத்தாரும் பேசலாம்.

மருந்து கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ‘கேக்கலை’ என்று நடுவில் நிறுத்தக் கூடாது. குணமான பிறகும் பல மாதங்கள் தொடரச் சொல்வார்கள். குடி அதிகமாக இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அதற்கும் சிகிச்சை உண்டு.

கொஞ்சம் தெளிந்ததும் காலையில் அரை மணி நேரம் அப்பாவைக் காட்டுக்குக் கூட்டிப் போங்கள். வேலை செய்ய வேண்டாம், வரப்பில் நடந்தால் போதும். அன்றைக்கு அம்மாவுக்கும் அடுப்படியில் இருந்து ஓய்வு கொடுத்து, கூடவே அழைத்துப் போங்கள்.